மைன்கிராஃப்ட் ஆடும் மகள் நகரத் திட்டமிடல் படிக்கலாமா?

பிளஸ் ஒன் படிக்கும் மகள் எந்நேரமும், கட்டம் கட்டமாக அடுக்கி உலகத்தைக் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டிலேயே இருக்கிறாள், கேட்டால் "இதை வச்சே ஊரைத் திட்டமிடுற வேலை இருக்கும்மா" என்கிறாள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி நம்பலாம். நகரங்கள், குடியிருப்புகளுக்கான ஐ.நா. அமைப்பான யுஎன்-ஹேபிடாட்டும் மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் 2012-இல் 'பிளாக் பை பிளாக்' திட்டத்தைத் தொடங்கின. நைரோபியின் கிபேரா, மும்பை, நேபாளத்தின் கீர்த்திபூர் எனப் பல இடங்களில் பொதுவெளி எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்தந்தப் பகுதி மக்களே ஆட்டத்துக்குள் கட்டிக் காட்டினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே ஆடுவது ஊர்க்காரர்கள். இடத்தை அளந்து மாதிரி தயாரித்து, கூட்டத்தை நடத்தி, வந்த யோசனையை வரைபடமாகவும் செலவுக் கணக்காகவும் மாற்றத் தெரிந்தவருக்குத்தான் அதில் வேலை.

அது மகளுக்குப் பிடிக்குமா என்பதை இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். தெருமுனை பஸ் ஸ்டாப் மாதிரி 40-க்கு 30 மீட்டருக்குள் ஓர் இடம் போதும். டேப் பிடித்து மரம், மின்கம்பம், வடிகால், டீக்கடைப் பந்தல் வரை அளந்து ஆட்டத்துக்குள் கட்டட்டும். ஒரு கட்டம் ஒரு மீட்டர். பிறகு பூக்கார அம்மா, ஆட்டோக்காரர், பென்ஷன் வாங்கும் தாத்தா என அங்கே புழங்கும் ஆறு பேரை, கணினிக்கு மூவராக உட்கார வைக்கட்டும்.

சறுக்குவது பெரும்பாலும் மவுஸில்தான். அது ஒரு பையன் கைக்குப் போனால் மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். மவுஸ் பிடிப்பவர் சொந்த யோசனை எதுவும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் கட்ட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். கட்டங்களுக்குக் காசு இல்லாததால் எல்லாரும் நீரூற்று கேட்பார்கள். அதனால் குழுவுக்கு இருபது புளியங்கொட்டை கொடுத்து, நிழல்மரம் 1, விளக்கு 2, கழிப்பறை 8 என விலை வைக்கலாம். அப்போதுதான் நிஜமான பேரம் தொடங்கும்.

ஆட்டமும் பொய் சொல்லும். அதில் தண்ணீர் சமதளத்தில் ஏழு கட்டம் ஓடி நின்றுவிடும். ஐப்பசி மழை அப்படி நிற்காது. எந்தப் பக்கம் வடிகிறது என்பதைத் தெருவில் இறங்கித்தான் பார்க்க வேண்டும். கட்டங்களால் சரிவும் போட முடியாது, படிதான் வரும். 15 செ.மீ. உயர நடைபாதையில் சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவில் (ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) 1.8 மீட்டர் நீளம் வேண்டும். திரையில் தெரியாததால் அதற்கு யாரும் இடம் விடமாட்டார்கள். இதையெல்லாம் அவள் காகிதத்தில் தனியே போட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் தன் வடிவமைப்பைக் கலைக்கும்போது எரிச்சல் மட்டுமே வந்தால், கேம் டிசைன் பக்கம் போகட்டும். அதுவும் நல்ல படிப்புதான். "ஏன் அங்க வேணாம்?" என்று திருப்பிக் கேட்டால் நகரத் திட்டமிடலுக்கான நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பான பி.பிளான் பொருந்தும். ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் அதற்கான தாள் 2பி. கட்டடக்கலைப் படிப்பான பி.ஆர்க் தாளில் இருப்பதுபோல ஓவியப் பகுதி இதில் கிடையாது. டெல்லி, போபால், விஜயவாடாவில் எஸ்பிஏ எனப்படும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு உண்டு.

இதற்கெல்லாம் முன்னால், அவள் எடுத்திருக்கும் குரூப்பில் கணிதம் இருக்கிறதா என்று பாருங்கள். கணிதம் இல்லாமல் இந்தத் தாளை எழுத முடியாது. குரூப் மாற்ற வாய்ப்பு இருந்தால், பள்ளியில் இந்த வாரமே பேசிவிடுங்கள்.