தீயணைப்பு வேலைக்கு உடம்பு எவ்வளவு தாங்கணும்? கேளுங்க, சொல்றேன்

தொண்டி தம்பி: ஃபயர்மேன் வேலை எவ்வளவு கஷ்டம்னு எப்படிண்ணே அளக்குறாங்க?

மூஞ்சில மாஸ்க் மாட்டிவிட்டு, ஹோஸ் இழுக்கும்போது, படி ஏறும்போது, மயங்கிக் கெடக்குற ஆளை இழுக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகுதுன்னு பாப்பாங்க. கனடாவுல 1992ல வந்த ஆய்வுல ரொம்பக் கடுமையான வேலைக்கு, உடம்பு எடை கிலோவுக்கு நிமிஷத்துக்கு 41.5 மில்லி வந்துச்சு. பிரிட்டன்லயும் 42 கிட்டதான் வச்சிருக்காங்க. 70 கிலோ ஆளுக்கு நிமிஷத்துக்கு மூணு லிட்டர்னு வச்சுக்க.

சாயல்குடி தம்பி: 1500 மீட்டர் 7 நிமிஷத்துல ஓடிருவேன், போதுமாண்ணே?

செலக்‌ஷனுக்குப் போதும். அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டா 46 வருது, ஆனா நீ ஓடுறது பனியனோட. கோட்டு, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுல சிலிண்டர் எல்லாம் சேந்தா 20 கிலோ தாண்டிரும், 55 கிலோ ஆளுக்கும் அதே சுமைதான். அதுக்காக ரெயின்கோட் மாட்டிட்டு ஓடாதீங்கப்பா.

கீழக்கரை: சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் பாய்?

6.8 லிட்டர் சிலிண்டர்ல 300 பார் அழுத்தத்துல அடைச்சா 2000 லிட்டர் காத்து. நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுத்தா 50 நிமிஷம், மூச்சு வாங்கி 80 இழுத்தா பாதிதான். அதுலயும் திரும்பி வர்றதுக்கு மிச்சம் வைக்கணும்.

பாம்பன்: கரைவலை இழுக்குற எங்காளுக எந்த டெஸ்டும் இல்லாம இவங்கள விட பலமா இருக்காங்களே?

பலத்துல சந்தேகமே இல்ல. ஆனா வலை இழுக்கும்போது வெத்து மேலு, கடக்காத்து, வேர்வை காஞ்சு சூடு எறங்கிரும். தசை செலவு பண்ற சக்தில முக்கால்வாசி சூடாத்தான் போகுது. கோட்டுக்குள்ள வேர்வை காயாது, சூடு உள்ளயே நிக்கும், நெஞ்சுத் துடிப்பு ஏறிக்கிட்டே போகும். ஓலக் குடிசை தீப்பிடிச்சா நின்னு மூச்சு வாங்க நேரமும் கெடையாது.

மண்டபம்: அப்ப எங்காளுக்கு கோட்டு மாட்டி விடுங்க, பாப்போம்!

மாட்டி விட்டா ரெண்டு பேருக்கும் ஒரே கதைதான்யா, அதைத்தானே சொல்றேன். அமெரிக்கக் கணக்கு ஒண்ணு 2007ல வந்துச்சு: தீயை அணைக்குறது அங்க ஃபயர்மேன்களோட வேலை நேரத்துல 1லருந்து 5 சதவீதம்தான், ஆனா பணில இதய நோயால செத்தவங்கள்ல 32 சதவீதம் பேரு அந்த நேரத்துலதான் போயிருக்காங்க. பலசாலிக்கும் இதயம் ஒண்ணுதான்.

பாம்பன்: நீங்க கடல்ல எறங்குனதில்ல, அதான் பேசுறீங்க.

சரி, கரைவலை இழுக்குறவருக்கும் மாஸ்க் மாட்டி ஒரு நாள் அளக்கணும்னு எனக்கும் ஆசைதான். வர்றீங்களா?

ஏர்வாடி: புரோட்டீன் பவுடர் எது நல்லது?

டாக்டர்ட்ட கேளுங்க.

தேவிபட்டினம்: கைல கட்டுற வாட்ச் காட்டுற ஆக்சிஜன் செலவுக் கணக்கை நம்பலாமா?

அது துடிப்பை வச்சு ஊகம் பண்றது. மாசாமாசம் ஏறுதா எறங்குதான்னு பாக்க சரி, தேர்வுக்கு ஆகாது.

திருப்பாலைக்குடி: 1500 மீட்டர் 7 நிமிஷம்...

மேல படிங்க தம்பி.

முதுகுளத்தூர்: மத்தியானம் ஜாக்கெட் போட்டு ஓடுனா கோட்டுக்குப் பழகிரும்ல?

பழகாது, விழுந்துருவ. வெயில் ஏறுறதுக்குள்ள ஓடு. தலை சுத்துனா, வேர்வை நின்னுட்டா, பேச்சு குழறுனா உடனே தண்ணிய ஊத்திக்கிட்டு நெழல்ல படு, கூட இருக்கவன் 108க்கு அடிக்கட்டும். ஒத்தையில ஓடாத.