தோட்டம் – கேள்வி பதில்: நெல்லையில் நெக்டரின் காய்க்குமா?

கேள்வி: கடையில் வாங்கிய நெக்டரின் பழத்தின் கொட்டையை ஈர மணலில் பொதிந்து, குளிர்சாதனப் பெட்டியில் பத்து வாரம் வைத்து முளைக்கச் செய்தேன். மரத்துக்கு இப்போது நான்கு வயது. ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஒரு பூ கூட இல்லை. இலைகள் கிளை நுனிகளில் மட்டும் கொத்தாக நிற்கின்றன. கடலைப் பிண்ணாக்கும் மண்புழு உரமும் தவறாமல் இடுகிறேன். குறை உரத்திலா, தண்ணீரிலா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் பராமரிப்பில் குறை ஏதுமில்லை. நான்கு ஆண்டுகள் ஒரு மரத்தைப் பிள்ளைபோல் வளர்த்தவரிடம் இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது என்றாலும், அந்த மரம் கேட்பது நம் ஊரில் கிடைக்காத ஒன்று. அது குளிர்.

நெக்டரின் என்பது தோலில் சுணையில்லாத பீச் பழமேயன்றி, பலர் நினைப்பதுபோல் பீச்சும் பிளம்ஸும் கலந்த ஒட்டுவகை அன்று. பீச் மரம் அடுத்த ஆண்டுக்கான பூ மொட்டுகளைக் கோடையிலேயே உருவாக்கி, இலையுதிர்த்து, குளிர்காலம் முழுவதும் உறங்குகிறது. ஏறத்தாழ 7 டிகிரி செல்சியஸுக்கும் கீழான குளிரில் போதிய மணி நேரம் கழிந்த பிறகுதான் அந்த மொட்டுகளின் உறக்கம் கலையும். பழைய வகைகள் பலவற்றுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். ப்ளோரிடாவில் உருவாக்கப்பட்ட சன்ரெட் போன்ற குறைகுளிர் நெக்டரின் வகைகளுக்குக்கூடச் சில நூறு மணி நேரம் தேவை. பாளையங்கோட்டையில் மார்கழி விடியலில் கோலம் போடும் நேரத்திலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே இருப்பதால், உங்கள் மரத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரு மணி நேரக் குளிர்கூடக் கிடைப்பதில்லை. பக்க மொட்டுகள் திறவாமல் கிடக்க, நுனி மொட்டு மட்டும் தள்ளிக்கொண்டு போவதால்தான் இலைகள் நுனியில் கொத்தாகத் தெரிகின்றன.

கொட்டையை நீங்கள் குளிரில் வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். விதைக்குள் இருக்கும் கருவுக்கும் அந்த உறக்கம் உண்டு. விதைக்குக் குளிர்சாதனப் பெட்டி போதுமாயிருந்தது, மரத்துக்கு மலைதான் வேண்டும். வேரில் பனிக்கட்டி கொட்டலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். குளிரை உணர வேண்டியது மொட்டு, வேர் அன்று. பிண்ணாக்கைக் கூட்டினால் இலைதான் கூடும்.

நிழலுக்காக அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. பழம் வேண்டுமென்றால், அந்த இடத்தில் கொய்யாவோ மாதுளையோ எலுமிச்சையோ நடுங்கள். நம் பக்கத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் பெற்ற ஊர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: குற்றாலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் காய்க்கின்றனவே, வெளிநாட்டுப் பழமான நெக்டரின் மட்டும் ஏன் காய்க்காது?
– வாசகர், தென்காசி

பதில்: வெளிநாட்டுப் பழங்கள் எல்லாம் ஒரே தட்பவெப்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலேயாப் பக்கத்து வெப்பமண்டல மரங்கள். அவற்றுக்குக் குளிரே ஆகாது. ஈரக்காற்றும் மழையும் இதமான வெப்பமும்தான் வேண்டும், அது குற்றாலத்தில் இருக்கிறது. சாரல் நம் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும், நெக்டரின் மொட்டின் கணக்கில் அது குளிர் ஆகாது. போதாக்குறைக்கு, பழுக்கும் பருவத்தில் பெய்யும் மழை நெக்டரினை வெடிக்கவும் அழுகவும் செய்யும்.

கேள்வி: கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு சிறு வீடு உண்டு. அங்குள்ள நெக்டரின் மரம் நிறையக் காய்த்தும் பழங்கள் எலுமிச்சை அளவைத் தாண்டுவதில்லை. இளம் இலைகள் சிவந்து, தடித்து, சுருண்டு உதிர்கின்றன.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இலைச் சுருட்டலை முதலில் பார்ப்போம். இது ஒரு பூஞ்சை நோய். அதன் வித்துகள் மரப்பட்டையிலும் மொட்டுச் செதில்களிலும் தங்கியிருந்து, மொட்டு விரியும் நேரத்தில் ஈரம் கிடைத்தால் இளந்தளிரைப் பற்றிக்கொள்ளும். இலை சுருண்ட பிறகு மருந்தடிப்பதால் பயனில்லை. இலை முழுவதும் உதிர்ந்து, மொட்டு இன்னும் வீங்காத நிலையில் ஒரு சத போர்டோ கலவை என்னும் பூஞ்சைக்கொல்லியைக் கிளைகள் நன்கு நனையும்படி தெளியுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) 100 கிராம் சுட்ட சுண்ணாம்பும் கணக்கு. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுத்தால் செம்பு படிந்திருக்கக் கூடாது. படிந்திருந்தால் இன்னும் சுண்ணாம்பு நீர் சேருங்கள். இலை இருக்கும்போது இதைத் தெளித்தால் இலை கருகிவிடும் என்பதால் காலம் தவறக் கூடாது.

பழம் சிறுத்துப்போவதற்குக் காரணம் கவாத்தும் பிஞ்சு கலைப்பும் இல்லாமைதான். நெக்டரின் சென்ற ஆண்டு வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும், காய்த்த பகுதி மறுபடி காய்க்காது. ஆகவே ஆண்டுதோறும் இலையற்ற பருவத்தில், மாமரத்துக்கு நாம் செய்யத் துணியாத அளவுக்குத் தாராளமாக வெட்ட வேண்டும். நடுவைத் திறந்துவிட்டு, மூன்று நான்கு தாய்க்கிளைகள் கிண்ணம்போல் விரியுமாறு விட்டால் உள்ளே வெயிலும் காற்றும் புகும். பிறகு பிஞ்சுகள் சுண்டைக்காய் அளவைத் தாண்டியதும் ஒரு சாணுக்கு ஒன்று வீதம் நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். பிஞ்சைக் கிள்ள யாருக்கும் மனம் வராது, எனக்கும் வருவதில்லை. ஆனால் கிள்ளிய மரத்தையும் கிள்ளாத மரத்தையும் அருகருகே பார்த்தவர் மறு ஆண்டு தயங்கமாட்டார். எஞ்சிய காய்களைக் காகித உறையில் மூடினால் பழ ஈயிடமிருந்து தப்பும். மழைநீர் அடிமரத்தில் தேங்காதபடி வடிகால் வெட்டுங்கள், இந்த வேருக்கு நீர் தேங்குவது ஆகவே ஆகாது.

கேள்வி: நெக்டரின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு பாதாம்போல் இருக்கிறதே, பிள்ளைகளுக்குத் தரலாமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: தரக் கூடாது. பாதாமுக்கு இது நெருங்கிய உறவுதான் என்றாலும், இந்தப் பருப்பில் உள்ள அமிக்டலின் என்னும் பொருள் வயிற்றுக்குள் சயனைடாக மாறக்கூடியது. ஒன்றிரண்டை விழுங்கும் பெரியவருக்குப் பொதுவாக ஒன்றும் ஆகாவிட்டாலும், சிறு குழந்தைகளிடம் கொட்டையை உடைக்கக் கொடுக்காமல் உடனே அப்புறப்படுத்திவிடுங்கள்.