வீட்ல பீர் காய்ச்சும்போது, புளிக்கறதுக்கு முன்னாடி சாறோட அடர்த்தி (ஒரிஜினல் கிராவிட்டி) 1.050 வரும்னு ஆப் காட்டுச்சு, 1.041 தான் வந்துச்சா?
தம்பி, மால்ட்டு (முளைகட்டுன பார்லி) மேல பழி போடாதீங்க. நீங்க ப்ரூஃபாதர்ங்கற பீர் ரெசிபி ஆப்புல எடுத்த ரெசிபி 5 அமெரிக்க கேலன், அதாவது கிட்டத்தட்ட 19 லிட்டர், நீங்க மெல்போர்ன்ல உங்க 23 லிட்டர் வாளி ரொம்பட்டும்னு தண்ணிய ஊத்திட்டீங்க, கும்பகோணத்துக்காரரு டிகாஷன் அளவு தெரியாம பால ஊத்தலாமா? 1.050ல கடைசியா இருக்கற 50ஐ 19ஆல பெருக்கி 23ஆல வகுங்க, 41தான் வருது பாருங்க. முதல்ல ஆப்புல யூனிட்ட லிட்டருக்கு மாத்திட்டு, உங்க வாளி அளவுக்கு எக்யூப்மென்ட் ப்ரொஃபைல் (பாத்திர விவரம்) போட்டு, அப்புறம் ரெசிபிய ஸ்கேல் பண்ணுங்க, மால்ட்டு, ஹாப்ஸ் (கசப்பு தர்ற பூ) அளவெல்லாம் தானா ஏறிக்கும்.

லீவுக்கு ஊருக்கு வரும்போது இங்க ஒரு பேட்ச் போடலாமான்னு கேட்டீங்களே, வேணாம் சாமி. தமிழ்நாட்டுல 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு, வீட்ல காய்ச்சுனா கேஸுதான். காவிரிக்கரைல உக்காந்து அடுத்த ரெசிபிய போன்ல எழுதி வச்சுக்கங்க, அதுக்கு யாரும் புடிக்க மாட்டாங்க.