துவர்ப்பை வைத்துக் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்

கும்பகோணத்து மே மாத வெயிலில் திறந்த, 2022 அறுவடையின் மெடோக் சிவப்பு ஒயின் நாக்கை இழுத்துப் பிடிக்கிறது, கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். துவர்ப்பு மட்டும்தான் என்றால் கெடவில்லை. பிரான்சில் போர்தோ வட்டாரத்தின் மெடோக் பகுதியில் காபர்னே சோவிஞான் திராட்சைக்குத்தான் முதலிடம். அதன் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஒயின் இளசாக இருக்கும்போது வாழைப்பூ போலத் துவர்க்கும். நம் ஊர்ச் சூட்டில் ஆல்கஹால் நெடியும் முந்திக்கொள்ளும்.

ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வைத்து, 16–18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். அகலமான ஜாடியில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். அப்புறம் துவர்ப்புக்கு அடியில் பழச்சுவை இருக்கிறதா, புளிப்பு வாயில் நீர் ஊற வைக்கிறதா, விழுங்கிய பிறகும் சுவை நிற்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் நல்ல சரக்கு, இன்னும் சில வருடம் தாங்கும்.

வினிகர் வாடையோ நனைந்த அட்டை வாடையோ அடித்தால் கொட்டிவிடலாம். மிச்ச பாட்டில்களைத் தயவுசெய்து பரணில் வைக்காதீர்கள்; அந்தச் சூடு ஒயினைப் பாழாக்கிவிடும்.