ஃபேன்டசி ரீடிங் சேலஞ்ச்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, ஜனவரி ஒண்ணாந்தேதி ஆசையா 50 புக்குனு டார்கெட் வச்சேன், எல்லாமே ஃபேன்டசிதான். பாதி வருஷம் போயிடுச்சு, 9 தான் முடிஞ்சிருக்கு. ஆனா ஒவ்வொண்ணும் 700 பக்கம். டார்கெட்ட குறைக்கவா, இல்ல மிச்சத்துக்கு ஒல்லி ஒல்லியா புக் எடுத்து கணக்க நேர் பண்ணவா?
(மூச்சு வாங்கும் வாசகி)

பதில்: ரெண்டும் வேணாம், எண்ணுறத மட்டும் மாத்துங்க. 9 புக், 700 பக்கம்னா 6,300 பக்கம் ஆச்சு, அதுவே 300 பக்க நாவலா படிச்சிருந்தா 21 புக்குனு மார்தட்டியிருப்பீங்க, ஆக நீங்க ஒண்ணும் பின்தங்கல, உங்க கணக்குதான் உங்கள ஏமாத்துது. 2010ல வந்த 'த வே ஆஃப் கிங்ஸ்' ஆயிரம் பக்கம், அதுவும் ஒரு புக். 1968ல வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' ஒரு ஞாயித்துக்கிழமைல முடிஞ்சிடும், அதுவும் ஒரு புக்கு. இதவிட கூத்து 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்'. டோல்கீன் அத ஒரே நாவலாத்தான் எழுதினாரு, போருக்கப்புறம் பேப்பர் கிராக்கி, செலவு வேற ஜாஸ்தின்னு பப்ளிஷர்தான் 1954, 55ல மூணா பிரிச்சு போட்டாங்க, போதாததுக்கு உள்ள பார்த்தா ஆறு 'புக்'னு பிரிச்சிருக்கும். இப்ப அத படிச்சு முடிச்சவர் எத்தனைன்னு குறிச்சுக்குவாரு, ஒண்ணா, மூணா, ஆறா?

எண்ணிக்கைல இருக்கிற உண்மையான கெடுதல் என்னன்னா, நவம்பர் டிசம்பர் வந்ததும் கை தானா ஒல்லி புக் பக்கம் போகும். எத படிக்கணும்னு ஆசைப்பட்டு இந்த வம்புல இறங்கினோமோ அந்த குண்டு புக்கு அடுத்த வருஷத்துக்கு தள்ளிப்போகும், அடுத்த வருஷமும் இதே கதைதான். அதனால பக்கத்த எண்ணுங்க. ஒரு நாளைக்கு 20 பக்கம், வருஷத்துக்கு 7,300. அதுல ஆயிரம் பக்க புக் ஏழு படிச்சாலும் சரி, 300 பக்கத்துல இருபத்தி நாலு படிச்சாலும் சரி, எதுக்கும் பயந்து ஒதுங்க வேண்டியதில்ல.

கேள்வி: இந்த வருஷம் 'வீல் ஆஃப் டைம்' மொத்தத்தையும் முடிச்சே தீரணும்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பெட் கட்டிட்டேன். எப்படி பிளான் பண்றது?
(வாயக் குடுத்து மாட்டுனவன்)

பதில்: தம்பி, ரொம்பத்தான் அகலக்கால் வச்சிட்டீங்க. மெயின் கதை 14 பாகம், முன்கதை தனி. முதல் பாகம் 1990, கடைசி 2013. எழுதின ராபர்ட் ஜோர்டன் 2007ல காலமாயிட்டாரு, அவர் விட்டுட்டுப்போன குறிப்புகள வச்சு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூணு பாகத்த முடிச்சாரு. கூடவே வந்த வாசகர்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல பிடிச்ச கதைய நீங்க 12 மாசத்துல அடைக்கப் பாக்கறீங்க.

முடியாதுன்னு சொல்லல. ஆனா எங்க கால் வாரும்னு சொல்றேன். மாசத்துக்கு ஒண்ணுக்கு மேலனு போனா ஜூலை தொடக்கத்துலேருந்து செப்டம்பர் பாதி வரைக்கும் 8லேருந்து 10 வரை உள்ள பாகத்துல இருப்பீங்க, அந்த இடத்துலதான் கதை நகராம நின்ன இடத்துலயே நிக்குதுன்னு பழைய ரசிகர்களே புலம்புவாங்க, அதுலயும் பத்தாவது பாகம் பேர் போனது. அந்த நேரத்துக்கு இதே உலகத்துல ஆறு மாசமா இருந்திருப்பீங்க, அலுப்பும் சேர்ந்துக்கும், அதோட மூடி வச்சிடுவீங்க. பெட்ட மாத்த முடிஞ்சா இந்த வருஷம் ஆறு பாகம்னு வச்சுக்கங்க, ரெண்டு பாகத்துக்கு நடுவுல சம்பந்தமே இல்லாத ஒத்த நாவல் ஒண்ணு, 'பிரனேசி' மாதிரி சின்னது.

இன்னொண்ணு, ஒவ்வொரு பாகம் முடிஞ்ச அன்னிக்கே அரைப் பக்கம் எழுதி வைங்க: யார் எந்த ஊர்ல இருக்காங்க, யாருக்கு யார்மேல கோவம், எந்த ரகசியம் யாருக்கு இன்னும் தெரியாது. கதைச்சுருக்கம்லாம் வேணாம், அது எங்க தேடினாலும் கெடைக்கும், தேடப்போனா ஸ்பாய்லரும் சேர்த்து கெடைக்கும். இந்த மூணும் போதும், ரெண்டு மாசம் கேப் விட்டாலும் 'யார்றா இவ'ன்னு முழிக்க மாட்டீங்க.

கேள்வி: இன்னும் முடியாத சீரீஸ சேலஞ்ச்ல சேர்க்கலாமா?

பதில்: படிங்க, ஆனா 'இந்த வருஷம் முடிக்க வேண்டியது' லிஸ்ட்ல போடாதீங்க. 'சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' 1996ல ஆரம்பிச்சுது, அஞ்சாவது பாகம் 2011ல வந்துது, ஆறாவதுக்கு ஜனங்க இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க. 'நேம் ஆஃப் த விண்ட்' கதையும் அதேதான், ரெண்டாவது பாகம் 2011, மூணாவது வரவே இல்ல. நீங்க எவ்வளவு வேகமா படிச்சாலும் முடிக்க முடியாத ஒண்ண டார்கெட்டா வச்சு என்ன பண்ணப்போறீங்க? முடிச்ச திருப்தி வேணும்னா என்.கே. ஜெமிசினோட 'புரோக்கன் எர்த்' மூணு பாகம் எடுங்க. 2016, 17, 18னு வரிசையா மூணு வருஷம் மூணு பாகத்துக்கும் ஹ்யூகோ விருது, சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டசிக்குனு குடுக்கிற பெரிய விருது. ஆனா ஒண்ணு, முதல் நூறு பக்கம் தலைய சுத்தும், ஒரு பகுதிய 'நீ, நீ'ன்னு கூப்பிட்டே சொல்லிட்டுப் போவாங்க, பொறுத்துக்கங்க.

கேள்வி: ஆடியோபுக் கேட்டா படிச்ச கணக்கா?

பதில்: ஆமா. யாராவது இல்லைன்னு சொன்னா சிரிச்சிட்டு போயிடுங்க. ஆனா ஃபேன்டசிய ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டாதீங்க, வாயில நுழையாத பேரெல்லாம் காதுலயும் நுழையாது. மேப் இருக்கிற புக்குன்னா அந்த மேப்ப மட்டும் எங்கயாவது பார்த்து போன்ல சேவ் பண்ணிக்கங்க.

கேள்வி: பாதியில விட்ட புக்க என்ன பண்றது? குத்த உணர்ச்சியா இருக்கு.

பதில்: பக்கத்த எண்ணுறீங்கன்னா பிரச்சினையே இல்லையே, படிச்ச பக்கமெல்லாம் கணக்குல ஏறியாச்சு. புது உலகம், புது பேரு, புது மந்திர விதின்னு ஃபேன்டசி ஆரம்பத்துல கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதனால 100 பக்கம் வரைக்கும் டைம் குடுங்க. அப்புறமும் கேரக்டருக்கு என்ன ஆனா எனக்கென்னன்னு தோணுச்சுன்னா மூடிடுங்க.

கேள்வி: 'டிஸ்க்வேர்ல்ட்'ல 41 நாவல் இருக்காமே, பாத்தாலே மலைப்பா இருக்கு. முதல்லேருந்துதான் போகணுமா?

பதில்: வேணவே வேணாம். டெர்ரி பிராட்செட் 1983லேருந்து எழுதின காமெடி ஃபேன்டசி அது, ஆரம்பத்துல ரெண்டும் அவரே சூடு பிடிக்காத நேரம்னு எனக்கு ஒரு அபிப்பிராயம். எட்டாவதா வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' எடுங்க, அதுலேருந்து ராத்திரிக் காவல் போலீஸ் கதை மட்டும் பிடிச்சுக்கிட்டு போனா மொத்தம் எட்டு நாவல்தான், எதுவும் ரொம்ப குண்டும் இல்ல. ஒரு வருஷத்துக்கு தாராளமா போதும், பஸ்ல மட்டும் படிக்காதீங்க, தனியா சிரிச்சா பக்கத்து சீட்டுக்காரங்க ஒரு மாதிரி பார்ப்பாங்க.