வாசகர் கேள்வி – பதில்: நின்றுபோன மோட்டார் சைக்கிளுக்கு வீட்டிலேயே மறுவாழ்வு

கேள்வி: என் தந்தையார் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் ஓட்டிய ஹொண்டா சீடி 125 மோட்டார் சைக்கிள், அவர் ஓய்வுபெற்ற பிறகு பல ஆண்டுகளாக லயத்து இஸ்தோப்பில் பொலித்தீன் போர்த்தியபடி நிற்கிறது. கிக்கரை மிதித்தால் அசைவதே இல்லை. கராஜுக்குக் கொடுக்காமல் நானே வீட்டில் வைத்துத் துப்புரவாக்கி, வர்ணம் பூசி, ஓடவைக்க விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வர்ணத்தை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். தலவாக்கலையிலிருந்து ஹற்றன் பக்கம் போனாலும் நுவரெலியா பக்கம் போனாலும் ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான் உங்கள் பாதை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பழைய வண்டி முதலில் பிரேக் பிடித்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓடுவது அதற்குப் பிறகு, மினுங்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கியே கேட்கின்றன என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதல் வேலையாகப் பொலித்தீனை எடுத்துவிடுங்கள். மலைநாட்டு ஈரக்காற்று அதற்குள் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உலோகத்தின் மேல் நீராகப் படிவதால், மூடிவைத்த வண்டி மூடாத வண்டியைவிட விரைவாகத் துருப்பிடிப்பதுண்டு. பின்னர் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். வயர்கள் எந்த நிறத்தோடு எந்த நிறம் இணைந்திருக்கின்றன, கேபிள்கள் எந்த வழியாகச் செல்கின்றன என்பவை அந்தப் படங்களில் தெளிவாகத் தெரிய வேண்டும். மண்ணையும் பழைய கிரீசையும் மண்ணெண்ணெயில் நனைத்த தூரிகையால் தேய்த்துவிட்டுச் சவர்க்கார நீரால் கழுவுங்கள். சர்விஸ் நிலையத்து அழுத்த நீரைச் சக்கர பெயாரிங்குகளின் பக்கமோ மின்னிணைப்புகளின் பக்கமோ பாய்ச்ச விடாதீர்கள்.

என்ஜின் மூடிகளில் உள்ள ஸ்டார் ஸ்குரூக்கள் ஜப்பானிய அளவுக்கு வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் ஸ்குரூ ட்ரைவர் அவற்றின் அடிவரை இறங்காமல் நழுவி, தலையை வழித்துவிடும். ஆகவே ஜப்பானிய அளவு ட்ரைவர் ஒன்றையும், சுத்தியலால் அடிக்கும்போது தானாகத் திரும்பும் இம்பெக்ட் ட்ரைவர் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். துருவேறிய நட்டுகளுக்கு முதல்நாள் இரவே டீசல் விட்டு ஊறவைப்பது நல்லது.

கிக்கர் அசையாததற்குப் பெரும்பாலும் காரணம், பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிடித்துக்கொண்டிருப்பதுதான். அதன்மேல் ஏறி நின்று மிதிக்க வேண்டாம். கிக்கர் தண்டின் பற்கள் உடைந்தால் செலவு இரட்டிப்பாகும். உங்கள் வண்டி இரட்டைச் சிலிண்டர் கொண்டது என்பதால் இரண்டு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் என்ஜின் ஒயிலும் சமமாகக் கலந்த கலவையைச் சிறிதளவு இரு துளைகளிலும் ஊற்றிச் சில நாட்கள் விடுங்கள். பிறகு கடைசிக் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். மயிரிழையளவு அசைந்தாலே போதும், மீண்டும் ஊற்றிப் பொறுத்திருங்கள். இரண்டு வாரம் கழித்தும் அசையவில்லையென்றால் சிலிண்டரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்; அதற்கு அனுபவமுள்ள ஒரு கராஜ் பாஸின் துணை தேவை. இளகிவிட்டால், பழைய ஒயிலை முழுவதுமாக வடித்துப் புதிய ஒயிலை ஊற்றிய பின்னரே ஸ்டார்ட் செய்ய முயலுங்கள். தீப்பொறிக்காக மின்னோட்டத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ட் முனைகளைத் துடைத்து அவற்றின் இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரையிலும், பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரையிலும் வைத்தால், பற்றரியும் கொயிலும் நன்றாக இருக்கும்வரை தீப்பொறி கிடைத்துவிடும்.

இனி நான் முதலில் சொன்ன பிரேக்குக்கு வருகிறேன். இரு சக்கரங்களையும் கழற்றி டிரம்மைத் திறந்து பாருங்கள். டிரம்மோடு உரசி வண்டியை நிறுத்தும் லைனர் தடிப்பாக இருக்கிறதே என்று திருப்தியடைந்து மூடிவிடக் கூடாது. நீண்ட காலம் ஈரத்தில் நின்ற வண்டிகளில், லைனரை அதைத் தாங்கும் ஷூவோடு ஒட்டிய பசைக்கு அடியில் துரு புகுந்து, லைனர் முழுசாகக் கழன்றுவரும் நிலையில் இருக்கக்கூடும். வீட்டு வாசலில் பிடித்துப் பார்க்கும்போது அது நன்றாகவே பிடிக்கும். நீண்ட இறக்கமொன்றில் சூடேறிய பிறகு கழன்று, சக்கரத்தை இறுக்கிப் பூட்டிவிடும். எனவே வயது தெரியாத ஷூக்களைப் பரிசோதித்துக் காலத்தை வீணாக்காமல் மாற்றிவிடுவதே என் ஆலோசனை. பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கலாம் என்பதால் டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். முன்பிரேக் கேபிளையும் அத்துடன் மாற்றுங்கள். கேபிளின் வெளிக்கூடு பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கம்பி இழை இழையாக அறுந்திருப்பதுண்டு.

டயரில் வீதியைப் பிடிக்கும் பொத்தான் முழுசாக இருக்கிறது என்று சொல்லி அதையே வைத்துக்கொள்பவர்கள் பலர். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1418 என்று இருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். மூன்று இலக்கங்கள் மட்டும் இருந்தால் அந்த டயர் 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்டது. தயங்காமல் கழற்றி எறியுங்கள். ஈரமான வீதியில் இறுகிப்போன ரப்பருக்குப் பிடிப்பு இருக்காது.

கேள்வி: பெற்றோல் தாங்கியின் உட்புறம் முழுவதும் துரு. உள்ளே பசை பூசிவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். சரியா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: துருவின் மேல் பூசிய பசை சில காலத்தில் உரிந்து காபரேட்டரை அடைத்துவிடும். தாங்கியைக் கழற்றி, திறந்த வெளியில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத தூரத்தில் பழைய பெற்றோலை வடித்து, சவர்க்கார நீரால் வாடை போகும்வரை அலசுங்கள். பெற்றோல் குழாய்த் துவாரத்தை அடைத்து, சிறிய நட்டுகள் ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கினால் தளர்ந்த துரு உதிரும். போடும் நட்டுகளை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். பிறகு கடையில் கிடைக்கும் வினாகிரியால் விளிம்புவரை நிரப்பி ஓரிரு நாட்கள் விடுங்கள். வடித்தபின் அப்பச்சோடா கரைத்த நீரால் அலசி அமிலத்தைப் போக்கி, நல்ல நீரால் கழுவி, உடனடியாகச் சூடான காற்றால் உலர்த்துங்கள். மஸ்கெலியாவின் ஈரப்பதத்தில் உலரவைக்காத தாங்கி ஒரு மணித்தியாலத்திலேயே மீண்டும் செம்மை படரும். உலர்ந்ததும் சிறிது என்ஜின் ஒயிலை ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டிவிடுங்கள். அடிப்பகுதியில் ஊசித்துளை இருந்து ஒட்டுவேலை தேவைப்பட்டால், அதை அத்தொழில் தெரிந்தவரிடமே கொடுங்கள். பெற்றோல் ஆவி எஞ்சிய தாங்கியில் வெல்டிங் செய்வது உயிராபத்து.

கேள்வி: நண்பர் கொழும்பில் ஓடிய பழைய வண்டியைத் திருத்தி எனக்குத் தந்தார். அங்கே நன்றாக ஓடியது. இங்கே ஏற்றத்தில் இழுக்கவில்லை, கரும்புகை தள்ளுகிறது, பிளக் கரி பிடிக்கிறது.
– வாசகர், நுவரெலியா

பதில்: நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. காற்று குறைந்தும் காபரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே கலவை செறிவாகி, எரியாத பெற்றோல் கரும்புகையாக வருகிறது. ஆனால் காபரேட்டருக்குள் பெற்றோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட்டை மாற்றுவதற்கு முன் எயார் பில்டர் அடைபட்டிருக்கிறதா, சோக் முழுவதும் திறக்கிறதா, மிதவையின் மட்டம் சரியா என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இவற்றில் ஒன்றே. அதன் பிறகும் தொடர்ந்தால், மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக்கிப் பாருங்கள். அந்த ஜெட்டோடு கொழும்புக்கு இறங்கினால் கலவை மெலிந்து என்ஜின் மிகையாகச் சூடேறும் என்பதால், பழைய ஜெட்டைக் கருவிப்பெட்டியிலேயே வைத்திருங்கள். ஜெட் துளையை இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். தூண்டில் நைலோன் நூல் போதும். நீலப்புகை வந்தால் அது ஒயில் எரிவது, வேறு நோய். குளிர்ந்த காலையில் வரும் வெண்புகை வெறும் நீராவி.

கேள்வி: என் தம்பி தன் பழைய வண்டிக்குச் சிவப்பு நீங்கி நீலம் பூச நினைக்கிறார். எப்போது பூசலாம்? பத்திரங்களில் ஏதும் சிக்கல் வருமா?
– வாசகி, ஹற்றன்

பதில்: பனிமூட்டத்திலும் மழைநாளிலும் பூசிய வர்ணத்தின்மேல் ஈரம் படிந்து வெண்மை படரும், ஆகவே பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட முற்பகல்களையே தேர்ந்தெடுங்கள். குரோம் பாகங்களில் சாண்ட் பேப்பரை வைக்க வேண்டாம். அலுமினியத் தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். குழி விழுந்த இடங்கள் அப்படியே இருக்கட்டும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, வர்ணத்துக்குக் காசு செலவழிப்பதற்கு முன்பே அவற்றைப் பார்ப்பது நல்லது. பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் குறிக்கப்படுவதால், நிறத்தை மாற்றுவதாயின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துச் சான்றிதழிலும் மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய சிவப்பையே பூசினால் அந்த அலைச்சல் இல்லை, வண்டியின் இயல்பான தோற்றமும் காப்பாற்றப்படும். என் விருப்பமும் அதுவே. வண்டியின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாமல் இருந்தால் நிலுவை எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டறியுங்கள். சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தை மட்டும் தேய்க்கவோ தடிப்பாகப் பூசவோ வேண்டாமென்று தம்பியிடம் சொல்லுங்கள். அங்கே மெல்லிய ஒரு பூச்சு போதும், எண்கள் தெளிவாக வாசிக்கக்கூடியவையாக இருக்க வேண்டும்.