ஐந்து விரலும் அகல

அன்புள்ள ஐயா,

உத்திரமேரூரை அடுத்த ஒரு கிராமத்தில் ஆசிரியராக இருக்கிறேன். வட்டார வரலாற்றைக் குறும்படங்களாகவும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகளாகவும் சொல்ல விரும்பி, குடத்தில் ஓலையிட்டு ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த விதியைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ‘உலகின் முதல் மக்களாட்சி’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். கல்வெட்டை வாசித்தால் கூட்டம் கலைகிறது. கோயிலிலிருந்து காஞ்சிபுரம் வரை சுரங்கம் போகிறது என்றால் நிமிர்ந்து உட்காருகிறது. எவ்வளவு கற்பனை கலக்கலாம்? எந்தக் கேமரா வாங்கலாம்?

மு.

அன்புள்ள மு.,

கேமராவை விடுங்கள், கையிலிருக்கும் கைபேசியே போதும். தலைப்பை மட்டும் இன்றைக்கே அழித்துவிடுங்கள். அந்தக் குடத்தில் ஒருவர் பெயர் விழுவதற்குக் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும் வேண்டியிருந்தன. அது ஒரு பிரம்மதேயம், பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர். அந்த நிலத்தை உழுதவருக்கும் அந்த வீட்டில் சமைத்தவருக்கும் அங்கே ஓலை கிடையாது. இதைச் சொல்லாமல் எடுக்கிற படத்துக்கு விளம்பரம் என்று பெயர்.

சுரங்கத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் சுரங்கக் கதை இல்லாத பழைய கோயிலை நான் பார்த்ததில்லை, அந்தச் சுரங்கத்தைப் பார்த்தவரையும் பார்த்ததில்லை. இளவயதில் நானும் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில், கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, அவ்வூர்க் கோயிலின் அடியில் ராணி தப்பிச்சென்ற வழி இருக்கிறது என்று அளந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவ்வூர்ப் பையன்கள் மூவர் கடப்பாரையோடு போய் மண்டபத்தின் அடிக்கல் ஒன்றை நெம்பியிருக்கிறார்கள். கல்லின் விளிம்பு சிதறியது. அந்த விளிம்பில்தான் ஒரு வரி எழுத்து இருந்தது. பையன்களை எல்லோரும் திட்டினார்கள், என்னை யாரும் திட்டவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் இவ்வளவு கோபம் வந்தது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் கலைந்ததற்குக் கல்வெட்டைக் குறை சொல்கிறீர்கள். நீங்கள் அதை எப்படி வாசித்தீர்கள்? சோழ அரசன் முதலாம் பராந்தகனின் 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய அந்த எழுத்து எனக்கு ஒரு படப்பிடிப்புக் குறிப்பாகவே தோன்றுகிறது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளின் பெயரோலைக் கட்டுகளும் குடத்துக்குள் இருக்கின்றன. கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் எழுந்து, மேலே நோக்கியபடி, எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கி நிற்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவனான மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். அந்த மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் அதை வாங்கவேண்டும் என்கிறது கல்வெட்டு. அவன் வாசித்தபின் அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்கவேண்டும்.

ஐந்து விரல், மு.! ஒரு பெரிய சபை கூடி, அரசனின் அதிகாரி சோமாசிப் பெருமான் உடனிருக்க, ஒரு மனிதனின் விரல்கள் எப்படி இருக்கவேண்டும் என்று விதி செய்து, அதைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் யாரோ மூடிய கையில் ஓலையை மாற்றியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஏற்கெனவே 919-இல் விதி செய்தவர்கள் இரண்டே ஆண்டில் அதைத் திருத்துகிறார்கள். துஷ்டர் கெட்டு விசிஷ்டர், அதாவது நல்லவர், வளரவேண்டும் என்று காரணமும் சொல்கிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடத்தின் பக்கமே வரவிடவில்லை. யார் அந்தத் துஷ்டர், ஏரி வாரியத்துப் பொன் எங்கே போயிற்று என்று கேட்கத் தொடங்குங்கள், உங்கள் கற்பனைக்கு அங்கே வேண்டிய இடம் இருக்கிறது. அது உங்கள் ஊகம் என்பதைக் கூட்டத்துக்கு ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், போதும்.

அடுத்த ஞாயிறு பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு மண்குடமும் பனையோலை நறுக்குகளும் கொண்டுபோய், உங்கள் வகுப்பிலேயே சின்னப் பையன் ஒருவனை ஓலை எடுக்கச் சொல்லுங்கள். உழுதவர் வீட்டுப் பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்து, ஏன் அங்கே உட்காரவைத்தீர்கள் என்பதையும் அவர்களிடமே சொல்லுங்கள். நாளைக் குறித்து எழுதினால் நானும் வருகிறேன். மத்தியஸ்தன் வேலையை எனக்குக் கொடுங்கள்.

அன்புடன்.